பெயர் மாறிய நெடுஞ்சாலை

சண்டிகரில் நம் உழைப்பாளிக் குடும்பங்கள் அன்றாடம் கடக்கும் சாலைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நகரை வடிவமைத்த லெ கொர்பூசியே சாலைகளை ஏழு வகையாகப் பிரித்தார். செக்டர்களைச் சுற்றி ஓடும் அகன்ற சாலைகள் வேக வண்டிகளுக்கென்றே போடப்பட்டவை. வீட்டு வாசல் அவற்றை நோக்கித் திறக்கக் கூடாது என்பது திட்டம். பின்னாளில் நகரச் சாலைகள் சில 'மாநில நெடுஞ்சாலை' என்ற பெயரைப் பெற்றன.

2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் பாலுவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2015ஆம் ஆண்டில் மட்டும் 1,46,133 பேரைச் சாலை விபத்துகளில் பறிகொடுத்த நாட்டில் இது வேண்டிய தீர்ப்பே.

நடந்தது என்ன? 2017 ஏப்ரல் முதல் நாள் கெடு. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், சண்டிகர் நிர்வாகம் நகரின் மாநில நெடுஞ்சாலைகளை 'முக்கிய மாவட்டச் சாலை' ஆக்கிவிட்டது. ஒரு கல்கூட நகரவில்லை. காகிதத்தில் பெயர் மாறியது. கடைகள் பிழைத்தன. எதிர்த்துத் தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2017 ஜூலை 11இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. ஊரையும் ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கே தடை, நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளுக்கு அது பொருந்தாது என்று விளக்கியது.

சட்டம் அப்படிச் சொல்லலாம். நாம் கேட்பது வேறு. ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: சரக்கு வண்டியில் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் பாரம் குறையாது. வேகத்திற்கென்று போட்ட சாலை, பெயர் மாறியதால் வேகம் குறைந்துவிடுமா? இரவு வேலை முடித்து சைக்கிளில் வரும் நம் தோழனை மோதும் குடிகாரன், இது எந்த வகைச் சாலை என்று பார்த்தா மோதுவான்? கூலி நாளில் கடை வாசலில் கரையும் காசுக்கும் சாலையின் வகை தெரியாது.

வருவாய் வேண்டும் என்பது அரசின் கணக்கு. அடுப்பு எரிய வேண்டும் என்பது நம் வீட்டுக் கணக்கு. கடை உரிமம் புதுப்பிக்கும் காலம் ஆண்டுதோறும் வருகிறது. அதற்கு முன்பே ஒவ்வொரு குடியிருப்பும் கூடட்டும். எந்தக் கடை பஸ் நிறுத்தத்தருகில், எது பள்ளி செல்லும் வழியில் என்று குறித்து, தாய்மார்கள் முதல் கையெழுத்திட்டு, நிர்வாகத்திடம் மனுக் கொடுப்போம். பெயரை மாற்ற அவர்களுக்குத் தெரிந்தது. நிலைமையை மாற்ற நாம்தான் எழ வேண்டும்.