கருவூலம் ஏறாத ஓடுகள்

உரோமானியர் தமிழகத்தோடு நடத்திய வாணிகத்தைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பொற்காசிலே தொடங்கிப் பொற்காசிலேயே முடித்துவிடுகின்றனர். மேடைக்கு அது பொலிவு தரும்; ஆய்வுக்குப் போதாது. எவர் எங்குத் தங்கினார், எதில் சமைத்தார், எதை நிரப்பிக் கொணர்ந்தார் என்பனவற்றை அறிய, அகழாய்வுக் குழிகளில் கூடை கூடையாய்க் கிடைக்கும் முரட்டுப் பானை ஓடுகளையே நாடவேண்டும்.

எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-கதீம், உரோமானியர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்னும் துறைமுகம். அங்குக் கிடைத்த சேமக்கல ஓடொன்றில் தமிழ்பிராமி எழுத்தில் 'பானை ஒறி' எனப் பொறித்திருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துரைத்தார். ஒறி என்பது நம் அடுக்களைகளில் தயிர்ப்பானை தொங்கிய உறியேயாம். கடல் கடந்த தமிழரின் அன்றாடச் சொல்லை இத்துணை அணுக்கமாய்க் கேட்பிக்கும் காசு ஏதும் உண்டோ?

அக்கரையிலேயே தெற்கே பெரனிகேயில், செராபிசு கோயிலில், இந்தியாவில் வனைந்த சாடியொன்று ஏறத்தாழ 7.5 கிலோ மிளகுடன் வெளிப்பட்டது. இந்தியச் சமையற்கலங்களின் ஓடுகளும் அவ்வூரில் உண்டு. சோறாக்கும் பானையை விலைப்பொருளென்று எவரும் அத்துணைத் தொலைவு ஏற்றிச் செல்லார். இந்நாட்டவர் அங்குத் தங்கி உலைவைத்து உண்டனர் எனக் கொள்வதே பொருந்தும்.

இனி நம் பக்கம். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், காலங்கணிக்க இத்தாலியின் மெருகேறிய அரிட்டைன் கலங்களையே பெரிதும் துணைக்கொண்டார். அங்குக் கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளைப் பின்னாளில் ஆராய்ந்த எலிசபெத் வில், மதுவோடு ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் வந்தமையை எடுத்துக்காட்டினார். யவனர் என்றதும் மதுக்கிண்ணத்தையே நினைக்கும் நாம் மீன்சாற்றையும் நினைத்தல் வேண்டும்!

இதனினும் முதன்மையானது வேறொன்று. இந்தியத் தளங்கள் பலவற்றில் உரோமச் சாடியென்று பெயரிட்டு வைத்திருந்த ஓடுகளை ராபர்ட்டா டோம்பர் மீளாய்ந்து, அவற்றுட் பல மெசபடோமியப் பகுதியின் கைப்பிடியற்ற நெடுஞ்சாடிகள் எனக் காட்டினார். பாரசீக வளைகுடாவின் வாணிகத்தை உரோமின் கணக்கில் எழுதி மகிழ்ந்திருந்தோம்! ஓடுகள் காக்கப்பட்டிருந்தமையால் கணக்குத் திருந்திற்று.

ஆயினும் விளிம்பையும் அடியையும் போற்றி, வடிவந் தெரியாத வயிற்றுத் துண்டுகளைக் கழித்துவிடும் வழக்கம் அகழாய்வில் உண்டு. இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது என் துணிபு. அவ்வளைகுடாச் சாடிகளின் உட்புறம் நிலக்கீல் பூசப்பட்டது. அப்பூச்சு வெறும் வயிற்றுத் துண்டிலும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு குழியின் ஓடுகளையும் எண்ணி, எடையிட்டு, மாதிரிகளை அறிக்கையோடு காத்தல் அரிதன்று. அப்பணியில் தமிழ்த்துறை மாணவரையும் சேர்த்துக்கொள்ளலாம். 'உறி' என்ற சொல்லை ஓட்டில் கண்டால் அறிந்துகொள்பவர் அவர்களே.