பழைய கிதார், புதுக் கணக்கு

2010-ல் என்எச்7 வீக்எண்டர் இசை விழா பிறந்த புனேயில் எலெக்ட்ரிக் கிதார் ஆசைக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் பணத்துக்குத்தான். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர் விற்கும் பழைய கிதாரின் விலைக்குப் புதிதில் ஒரு படி மட்டமானதே கிடைக்கும்.

ஆனால், அதன் கழுத்தைக் கண்ணருகே பிடித்து நோட்டம் விட வேண்டும். லேசான வளைவை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்து அதற்கு மசியாது. ஃப்ரெட் எனும் உலோகக் கட்டைகள் தேய்ந்திருந்தால், மாற்றும் கூலியே மிச்சப்படுத்திய பணத்தை விழுங்கிவிடும். கரகரக்கும் குமிழுக்குப் பெரும்பாலும் தூசியே காரணம், பேரத்துக்கு உதவும்!

இதெல்லாம் தெரிந்த சீனியர் கூட வராவிட்டால், முதன்முறை வாங்குபவருக்குப் புதிதே மேல். எதை வாங்கினாலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் ஒதுக்காதவரின் ராக் இசை, அறைத்தோழனுக்குக் கொசு ரீங்காரமாகத்தான் கேட்கும்.