வீட்டு வாசலில் குல்மோஹர்

கோடை வெம்மை ஏற ஏறச் செந்தழலாய்ப் பூத்து நிற்கும் குல்மோஹர் மரத்தைக் கண்டு மயங்காதார் யார்? 'மே மாதப் பூ' என்று பிள்ளைகளும் செம்மயிற்கொன்றை என்று கற்றோரும் அழைக்கும் இம்மரம் நம் மண்ணுக்குரியதன்று. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து புறப்பட்டு வெப்ப நாடுகள் எங்கணும் பரவி, நம் சாலையோரங்களிலும் குடியேறிவிட்டது.

அழகுக்காக ஒரு மரம் வளர்க்க விரும்பும் சகோதர சகோதரிகள் பலரும் முதலில் நாடுவது இதனையே. நானும் அவ்வாறே நாடினேன். வாசற்சுவரிலிருந்து எட்டடி தூரத்தில் கன்றை ஊன்றியபோது, "இவ்வளவு கிட்டத்திலா வைக்கிறாய், வாப்பா?" என்று உம்மா கேட்டார். பட்டம் பெற்ற மகனுக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் ஆண்டில் மரம் பூத்தது. தெருப் பிள்ளைகள் மகரந்தக் காம்புகளைக் கோத்து இழுத்துக் கோழிச்சண்டை விளையாடினர். உம்மாவும் தம் கேள்வியை மறந்து, அந்நிழலில் அமர்ந்து அரிசி புடைக்கலானார்.

பின்னர் வேர்கள் மண்ணுக்கு மேலே புடைத்து, வாசல் தளம் வெடித்தது. சிமெண்டு பூசி மறைத்தேன். கழிவுநீர்க் குழாய் பதிக்கும்போது குறுக்கே வந்த வேர்கள் இரண்டை வெட்டியும் எறிந்தேன். ஓர் ஐப்பசி மாத மாலையில், பெருங்காற்று என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாதபோதே, தொடைப் பருமனுள்ள கிளையொன்று முறிந்து துணிக்கொடியின் மீது வீழ்ந்தது. உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உம்மா உள்ளே வந்து ஐந்து நிமிடங்கூட ஆகியிருக்கவில்லை. மறுவாரம் மரத்தை வெட்டினோம். அன்று உம்மா வாசற்பக்கம் வரவேயில்லை.

குற்றம் மரத்தினுடையதன்று. இது விரைந்து வளர்வது. ஆதலின் கிளைகள் முறுக்கற்றவை. வேர்கள் ஆழம் செல்லாது அகலப் படர்பவை. நாள்தோறும் சிறிதளவே ஊற்றும் நீர் அவற்றை மேலும் மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். வேரை வெட்டுவதோ நிற்கும் பிடியையே அறுப்பதாகும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன; அவற்றுள் குல்மோஹரும் மிகுதியாக இருந்தது.

ஆகவே இடம் விசாலமாக இருந்தால் மட்டுமே இதனை நடுங்கள். வீடு, மதில், குழாய், கிணறு, மின்கம்பி ஆகிய அனைத்திலிருந்தும் முப்பதடியேனும் விலகியிருக்கட்டும். விதை கல்போன்ற தோலுடையது; சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டால் எளிதில் முளைக்கும். முதல் இரண்டாண்டுகள், சில நாட்களுக்கு ஒருமுறை மண் ஆழமாக நனையும்படி நீர் விடவேண்டும். அதன் பின்னர் நீரும் எருவும் அளவுக்கு மிஞ்சினால் இலை தழைக்குமேயன்றிப் பூ குறையும். கன்று தலைக்கு மேல் உயரும்வரை ஒரே தண்டாக வளர்த்து, ஒரே இடத்திலிருந்து இரண்டாகப் பிரியும் கிளைகளில் ஒன்றை இளமையிலேயே நீக்கிவிடுங்கள். பிற்காலத்தில் பிளந்து விழுவது பெரும்பாலும் அந்தக் கவட்டில்தான். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசவே வேண்டா.

சிறு மனை உடையோர்க்குச் சரக்கொன்றையே ஏற்றது. நம் நாட்டு மரம். உயரத்திலும் படர்விலும் அடக்கமானது. அதே கோடையில் பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். வளர்ச்சி மெதுவானது; பொறுமை வேண்டும். அதன் விதைக்கும் சுடுநீர்ப் பக்குவமே.

எங்கள் வீட்டுக் கொல்லையின் மூலையில் இப்போது ஒன்று நிற்கிறது. இடத்தைக் காலால் அளந்து காட்டியவர் உம்மா. நான்கு ஆண்டுகளாகியும் பூக்கவில்லை. "வாசலில் இருந்தது இதற்குள் மொட்டு விட்டிருக்கும்" என்று அவரே சில நாட்களில் சொல்லிக்கொள்கிறார்.