கைதுச் செய்தியை வட்ஸ்அப்பில் தேடாமல் எழுத்தில் கேட்போம்



ஊரில் ஒரு பிள்ளையைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? படத்தை வட்ஸ்அப் குழுமத்தில் போடுகிறோம். வீட்டாரோ கிராம சேவகரிடம் ஓடுகிறார்கள், பிறகு பள்ளி நிர்வாகத்திடம், பிறகு அரசியல்வாதியின் ஆட்களிடம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இதை நாம் கண்ணால் கண்டோம். பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் உம்மாமார் அலைந்தார்கள்.

கைதுப் பதிவேடு வைத்திருப்பது கிராம சேவகரின் வேலையல்ல, பிரதேச சபையின் வேலையுமல்ல. கைது செய்த பொலிஸ் நிலையத்தில் கேட்க வேண்டும். சாதாரண சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் ஆஜர்படுத்த வேண்டும். அதன்பின் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிணையோ அடுத்த தவணையோ, எதை விசாரித்தாலும் அந்த இலக்கம் வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கட்டாயம். ஆகவே அதன் பிராந்திய அலுவலகத்திலும் கேளுங்கள்.

வாயால் கேட்டுச் சரிவராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய கேள்வியென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். இந்த வசதி நம்மில் பலருக்குத் தெரியாது. கடிதம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

இன்னொரு விடயம். அடுத்தவரின் அந்தரங்கத்தை இதே சட்டம் பாதுகாக்கிறது. அயல்வீட்டுக்காரரின் பழைய வழக்கைக் கிளறுவதற்கு நாம் இதைத் தூக்கக்கூடாது. கைதானவர் எல்லாரும் குற்றவாளியுமல்ல. பிள்ளை பிடிபட்ட படம் ஆயிரம் தொலைபேசிக்குப் போகிறது. நீதிமன்றம் விடுவித்த கட்டளையை யார் பகிர்கிறார்கள்? செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் சூறா அல்ஹுஜுராத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நாமே விசாரிக்காமல் பரப்பினால் எப்படி?

பள்ளிவாசல் காரியாலயத்தில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கட்டும். எழுதிக் கொடுக்க ஊரில் படித்த இரண்டு பேர் முன்வரட்டும். அடுத்த முறை ஓர் உம்மா அழுதுகொண்டு வந்தால் நம் கையில் பேனா இருக்க வேண்டும்.