'என் ஸ்கிரீன் தெரியுதா?': ஆயிரம் பேருக்குக் காட்ட என்ன வழி?

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போனவர்களுக்குத் தெரியும். மகாராஜபுரம் தாண்டி தாணிப்பாறை அடிவாரத்தில் அவ்வளவு கூட்டமும் ஒரே பாதையில் நெருக்கியடித்துத்தான் மலையேறணும். வீட்டு லேப்டாப் திரையை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆயிரம் பேருக்குக் காட்ட நினைப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

ரிமோட் டெஸ்க்டாப், ஒருவருடைய கணினியை இன்னொருவர் தூரத்திலிருந்து இயக்குவதற்கு வந்த வசதி. நேரடி இணைப்பில், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் உங்கள் லைனிலிருந்தே போகும். நகலுக்கு 1.5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 500 பேருக்கு 750 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் வேண்டும். உங்களிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தாலும் 66 பேரோடு கதை முடிந்தது.

ஜூம், கூகுள் மீட்டில் நகலெடுக்கும் வேலையை சர்வர் பார்த்துக்கொள்ளும். ஆனால் இலவசக் கணக்கில் 100 பேர்தான். அதற்கு மேல் போனால் லைவ் ஒளிபரப்புதான் சரி. 'ஓபிஎஸ்' என்ற இலவச மென்பொருளில் திரையைப் பிடித்து யூடியூபுக்கு ஒரே ஒரு நகல் அனுப்பினால் போதும். அது வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, பல ஊர் சர்வர்களில் வைத்து விநியோகிக்கும். இதனால் படம் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். 'தெரியுதா?' என்று கேட்டால், பதில் வருவதற்குள் அடுத்த ஸ்லைடுக்கே போயிருப்பீர்கள்!

உரையாடல் வேண்டுமா, கூட்டம் வேண்டுமா? இதை முடிவு செய்யாமலே எல்லோரையும் ஒரே மீட்டிங் லிங்கில் அடைக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருது. சிக்னல் விட்டுவிட்டு வரும் கிராமத்தில் போனோடு உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் வெளியே விழுவார். அதே 1.5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் பார்த்தால் 675 எம்பி காலி. 2020 கொரோனா காலத்தில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் பாடம் நடத்தியது. டிவிக்கு டேட்டா பேக் தேவையில்லையே. லைவிலும், பதிவை விட்டுவைத்தால் தவறவிட்டவர் இரவில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, திரையைக் காட்டுவது வேறு, கட்டுப்பாட்டைக் கொடுப்பது வேறு. எனிடெஸ்க் செயலி வழியாக நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. லைவ் போகும் முன் வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள், நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். ஓபிஎஸ்ஸில் முழு டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு ஒரு விண்டோவை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் போனிலேயே அந்த லைவை 360பி-யில் திறந்து பாருங்கள். எக்செல் எழுத்து படிக்க முடியலைன்னா, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.