செய்கூலி கேட்டால் தப்பா?

'செய்கூலி இல்லை' என்று நகைக்கடை விளம்பரம் வந்தால் நமக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அந்தக் கூலி யாருக்குப் போகிறது என்று யோசித்தோமா?

ஒரு வெள்ளி மோதிரத்தை ஒருத்தருக்காகவே செய்வது எப்படி தெரியுமா? முதலில் கெட்டி மெழுகை அரத்தால் ராவி, சின்னக் கத்தியால் பூ, எழுத்து எல்லாம் செதுக்குவார்கள். கொஞ்சம் அழுத்தினால் போச்சு, உடைந்துவிடும்! பிறகு எடை போடுவார்கள். 1 கிராம் மெழுகு என்றால் மோதிரம் 10 கிராமுக்கு மேல் வரும். அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி, காய்ந்ததும் சூளையில் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய குழியில் உருக்கிய வெள்ளியை ஊற்றுவார்கள். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்! கடைசியில் அச்சையும் உடைக்கணும். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்ப்பதும் இதே வழிதான். அங்கே சாந்துக்குப் பதில் களிமண்.

மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதே மெழுகையும் அச்சையும் வைத்து இன்னொன்று செய்ய முடியாது.

"வெள்ளி விலையே ஜாஸ்தி, கூலி வேற தரணுமா?" என்று கேட்பீர்கள். வெள்ளியை உருக்கினால் திரும்பக் கிடைக்கும். செதுக்கியவரின் நாள் திரும்பக் கிடைக்குமா? அதனால் கைவேலைக் கூலியில் மட்டும் பேரம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?

– 9-ஆம் வகுப்பு மாணவி