ஆராய்ச்சி மாணவருக்கு முதல் பாடம்

விஞ்ஞானி பொய் சொல்லலாமா?

"கூடாது" என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் பெரிய படிப்புப் படித்த சிலர் பொய் சொல்லியிருக்கிறார்கள். உலகம் அதை நம்பி ஏமாந்திருக்கிறது. அதனால்தான், ஆராய்ச்சி செய்ய வரும் மாணவர்களுக்கு நேர்மையையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் பிறந்தது.

நம் நாட்டிலும் அந்தப் பாடம் வந்துவிட்டது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆராய்ச்சி நெறிமுறைகளைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019-ம் ஆண்டில் முடிவு செய்தது. மொத்தம் 30 மணி நேரப் பாடம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் 30 மணி நேரத்தில் நேர்மை வந்துவிடுமா?

8 நாளுக்கு ஒரு கட்டுரை

அமெரிக்காவில் 'பெல்' ஆராய்ச்சிக் கூடம் பெயர் பெற்றது. ரேடியோவிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறதே 'டிரான்சிஸ்டர்', அது 1947-ல் அங்கேதான் பிறந்தது.

அந்தக் கூடத்தில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற ஜெர்மானிய இளைஞர் வேலை பார்த்தார். மிக மிக நுண்ணிய டிரான்சிஸ்டர்களைச் செய்துவிட்டதாக எழுதினார். 2001-ம் ஆண்டில் சராசரியாக 8 நாளுக்கு ஒரு கட்டுரை அவர் பெயரில் வெளிவந்தது! "இவருக்கு நோபல் பரிசே கிடைக்கும்" என்று பலர் பேசிக்கொண்டார்கள்.

2002-ல் குட்டு வெளிப்பட்டது. லிடியா சோன், பால் மெக்கூயன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஷோனின் கட்டுரைகளில் இருந்த வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சோதனைகள் வேறு வேறு. ஆனால் வரைபடக் கோடுகளின் சின்னஞ்சிறு நெளிவுகள்கூட அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருந்தன. அது எப்படி முடியும்? நேற்றுப் பெய்த மழையும் இன்று பெய்த மழையும் துளிக்குத் துளி ஒரே இடத்தில் விழுமா?

விசாரணைக் குழு அமைத்தார்கள். சோதனைக் குறிப்புகள் எங்கே என்று குழு கேட்டது. ஒழுங்கான குறிப்பேடு இல்லை. "கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, அளவுகளை அழித்துவிட்டேன்" என்பதுதான் கிடைத்த பதில். 24 குற்றச்சாட்டுகளை விசாரித்த குழு, 16-ல் முறைகேடு நடந்ததாகத் தீர்ப்புச் சொன்னது. ஷோனின் வேலை போயிற்று. டாக்டர் பட்டத்தையும் பல்கலைக்கழகம் பறித்துக்கொண்டது. ஆண்டுக் கணக்கில் வழக்கு நடத்தியும் பட்டம் திரும்பவில்லை.

அவர் கெட்டது அவரோடு போகட்டும். அவரை நம்பியவர்கள் கதி என்ன? பல ஆராய்ச்சி மாணவர்கள் அதே சோதனையைத் தாங்களும் செய்து பார்த்தார்கள். முடிவு வரவில்லை. "தப்பு நம் கையில்தான்" என்று எண்ணி, மறுபடியும் மறுபடியும் செய்தார்கள். அவர்களுடைய உழைப்பும் காலமும் வீணாயின. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

சிட்டையும் பேரேடும்

மளிகைக் கடையில் விற்பனை நடந்த உடனே சிட்டையில் எழுதுவார்கள். பிறகு அதைப் பார்த்துப் பேரேட்டில் பதிவார்கள். சிட்டை இல்லாத பேரேட்டை எந்த முதலாளியாவது நம்புவாரா?

சோதனைக் குறிப்பேடு விஞ்ஞானியின் சிட்டை. அவர் எழுதும் கட்டுரை பேரேடு. சோதனை செய்த அன்றே தேதி போட்டு, மையினால் எழுத வேண்டும். தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. சோதனை தோற்றால் அதையும் எழுத வேண்டும்.

சொல்வது எளிது. ஒரு மாணவர் 10 தடவை அளக்கிறார். 8 அளவுகள் நினைத்தபடி வருகின்றன. 2 வரவில்லை. அந்த இரண்டையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டால் கட்டுரை அழகாக அமையும். உதவித்தொகைக் காலமோ முடியப்போகிறது. வீட்டில் "எப்போது பட்டம் வாங்குவாய்?" என்று கேட்கிறார்கள். சோதனை வருவது இந்த இடத்தில்தான். இரண்டு அளவுகளையும் காட்டி, ஏன் விலகின என்று சொல்வதே நேர்மை.

திருட்டும் புளுகும்

பிறர் எழுதியதைத் திருடுவதைத் தடுக்க மானியக்குழு 2018-ல் விதி செய்தது. மாணவரின் ஆய்வு நூலில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்து இருந்தால், அவருடைய பதிவே ரத்தாகும். இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் உதவுகிறது. ஆனால் நடக்காத சோதனையைச் சொந்த வார்த்தையில் எழுதினால் அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அதைக் கண்டுபிடிக்கக் கூட இருந்து பார்க்கும் பேராசிரியர் வேண்டும்.

பிரான்சஸ் ஆர்னால்டு என்ற அமெரிக்க அம்மையார் 2018-ல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். அவருடைய குழு 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினார்கள். முக்கியமான சோதனைகளுக்கு உரிய குறிப்புகள் இல்லை. 2020 ஜனவரியில் அம்மையார் கட்டுரையை வாபஸ் வாங்கினார். "வேலை மும்முரத்தில் நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்ற கருத்தில், ஊரறியச் சொல்லி மன்னிப்பும் கேட்டார்.

மாணவர் மீது பழியைப் போட்டு அவர் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவருடைய கூடத்தில் இருந்த மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்?

செய்ய வேண்டியது

நெறிமுறைப் பாடம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் பாடமாகிவிடக் கூடாது. ஷோன் கதை போன்ற உண்மைச் சம்பவங்களைச் சொல்லி, "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். பேராசிரியர் வாரம் ஒரு முறையாவது குறிப்பேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காத சோதனைக்குத் தம் பெயரைக் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "சோதனை சரியாக வரவில்லை, ஐயா" என்று சொல்ல வரும் மாணவர் மீது எரிந்து விழக் கூடாது. உண்மையைச் சொன்னதற்குத் திட்டு வாங்கியவர், அடுத்த தடவை பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்.

நாம் சாப்பிடும் மருந்தும், வயலில் போடும் விதையும் ஏதோ ஒரு கூடத்தில் யாரோ ஒருவர் எழுதிய அளவை நம்பித்தான் வீட்டுக்கு வருகின்றன. ஆகவே, ஆராய்ச்சி செய்யும் பிள்ளை வீட்டுக்கு வந்தால், "பட்டம் எப்போது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பொறுமையாகச் செய், உள்ளதை உள்ளபடி எழுது" என்று பெற்றோர் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பிள்ளைக்குப் பெரிய பலம்.